கத்தியைக் கையில் கொடுக்கக் கூடாது

என் வீட்டு அலமாரியில் இருக்கும் மடக்குக் கத்திகளைப் பார்க்கிறவர்கள் முதலில் கொஞ்ச நேரம் பேசமாட்டார்கள். அப்புறம், "இதெல்லாம் சார் சேத்துனதுங்களா?" என்று கேட்பார்கள். இல்லை, நான்தான் சேர்த்தேன் என்றால் மறுபடியும் பேச்சு நின்றுவிடும். ஒரு பெண்பிள்ளை ஸ்டாம்பு சேர்க்கலாம், பழைய நாணயம் சேர்க்கலாம், எவர்சில்வர் பாத்திரம் சேர்த்தால் யாரும் கேள்வியே கேட்பதில்லை. கத்தி சேர்த்தால் மட்டும் அவள் வீட்டுக்காரரை இரக்கத்தோடு பார்க்கிறார்கள். என் வீட்டுக்காரரும் அந்த இரக்கத்தை வீணாக்குகிறவர் இல்லை. "ஊட்டுல அருவாமனை மொன்னையாக் கெடக்குதுங்க. அதத் தீட்டத்தான் ஆளக் காணோம்" என்று சொல்லிவிட்டுக் காபி போட உள்ளே போய்விடுவார்.

நான் குன்னூரில் டீச்சராக வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெள்ளைக்காரத் துரைமார்கள் ஒவ்வொருவராக எஸ்டேட்டை விற்றுவிட்டு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சுதந்திரம் வந்தும் போக மனமில்லாமல் தங்கிவிட்டவர்கள் அவர்கள். போகிறபோது பங்களாச் சாமான்களைப் புல்தரையில் பரப்பி வைத்து விற்பார்கள். அப்படி ஒரு விற்பனையில் நான் ஒரு தையல் மேசை வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து இழுப்பறையைத் துடைத்தபோது மூலையில் ஒரு மடக்குக் கத்தி கிடந்தது. மான்கொம்புப் பிடி. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அலகு துருவேறி உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது. நான் இழுத்துப் பார்த்து நகத்தை உடைத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் வீரமாகப் பல்லால் கடித்து இழுத்தார். அந்த வாரம் முழுக்க அவர் இட்லியைத் தவிர வேறு எதையும் மெல்லவில்லை.

யாரோ சொன்னார்கள், கீழ் பஜாரில் பேக்கரி வைத்திருக்கும் பாயிடம் கொடுங்கள், அவருக்குக் கத்தி என்றால் உயிர் என்று. போனேன். பாய் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நெடுநெடு என்று உயரம், புருவத்தில் எப்போதும் மைதா. மொறுமொறு வர்க்கி பிஸ்கட்டைப் பொட்டலம் கட்டிச் சணலைச் சுற்றி முடிச்சுப் போட்டதும், சட்டைப் பையிலிருந்து ஒரு கத்தியை எடுத்து அறுப்பார். வாடிக்கையாளர் எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும் அந்தக் கத்தி விரிவதைப் பார்க்காமல் போக முடியாது. கண்ணாடிப் பெட்டியின் மேல் நான் வைத்த கத்தியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எண்ணெய் விட்டு, துணியில் சுற்றி, ரொட்டி அடுப்பின் மேல் சூட்டில் வைத்தார். "அவசரப்பட்டா ஒடஞ்சுருமுங்க. அடுத்த வாரம் வாங்க" என்றார்.

அடுத்த வாரம் போனபோது, என் கண்ணெதிரே அதைத் திறந்தார். டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். இத்தனை வருடங்களில் என்னென்னவோ கத்தி வாங்கிவிட்டேன், எல்லாம் அந்த ஒரு சத்தத்துக்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது. மூடினார். நான் கையை நீட்டினேன். அவர் என் கையைக் கண்டுகொள்ளாமல் கத்தியைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தார்.

"எடுத்துக்கங்க டீச்சர். கத்தியக் கையில குடுக்கக் கூடாதுங்க. ஒறவு அறுந்துரும்."

எங்கள் வீட்டிலும் அரிவாளோ கத்தரிக்கோலோ கீழே வைத்துத்தான் எடுக்கச் சொல்வார்கள். ஆனால் ரொட்டிக் கடையில் வந்து அதைக் கேட்டதில் எனக்குச் சிரிப்பு வந்தது.

"நமக்குள்ள என்னங்க ஒறவு, அறுந்து போறதுக்கு?"

"இப்ப இல்லீங்க" என்றார். "இனி வந்துச்சுன்னா?"

உறவு வந்தது. ஆனால் அதைப் பார்க்கிறவர்கள் பகை என்றுதான் நினைத்திருப்பார்கள். பங்களா விற்பனை என்று காதில் விழுந்தால் போதும், நான் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடுவேன். அங்கே பாய் எனக்கு முன்னால் வந்து புல்தரையில் குந்தியிருப்பார். ஊட்டி மார்க்கெட்டுப் பழைய இரும்புக் கடையில் நான் பேரம் பேசிப் பாதியில் விட்டுவிட்டு வந்ததை மறுநாள் அவர் போய் வாங்கிக்கொண்டு வந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வர்க்கிக்குப் பக்கத்தில் நான் பார்க்கிற மாதிரி வைப்பார். நான் மட்டும் லேசுப்பட்டவளா? அவர் கோயமுத்தூர் கல்யாணத்துக்குப் போயிருந்த சமயமாகப் பார்த்து இரண்டு நல்ல கத்திகளைத் தட்டிக்கொண்டு வந்தேன். மேட்டுப்பாளையத்துப் பக்கம் கிடைப்பவை மட்டும் எப்போதும் அவருக்குத்தான். பர்லியாரைத் தாண்டி பஸ் வளைந்து வளைந்து இறங்கும்போது எனக்குக் குடலே வெளியே வந்துவிடும். என் பிறந்தகம் கீழே இருந்தும் வருடத்துக்கு ஒரு தடவை போவதே பெரும்பாடு. "டீச்சர் மலைய விட்டு எறங்கமாட்டாங்க. கீழ இருக்கறதெல்லாம் எம்பங்கு" என்று பாய் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

ஒருமுறை கீழ்கோத்தகிரியில், சிலோனிலிருந்து திரும்பி வந்த ஒரு பெரியவரிடம் மூன்று அலகுக் கத்தி இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஒரே நாளில் போய் நின்றோம். அவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். நாங்கள் பேசுவதை எல்லாம் பொறுமையாகக் கேட்டபடி, அந்தக் கத்தியாலேயே பாக்குச் சீவி வெற்றிலை போட்டுக்கொண்டார். கடைசியில் கத்தியை மடக்கி மடியில் செருகிக்கொண்டு, "இத வித்துப்போட்டு நான் பாக்க எதால வெட்டுறது?" என்று கேட்டார். திரும்பும் பஸ்ஸில் முன்சீட்டில் நான், பின்சீட்டில் பாய், குன்னூர் வரும்வரை ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

எங்களுக்குள் தீராத வழக்கு ஒன்றும் உண்டு. சில பழைய கத்திகளின் முதுகில் ஒரு வளைந்த கொக்கி இருக்கும். அது குதிரைக் குளம்பில் மாட்டிய கல்லை எடுக்க என்பார் பாய். இல்லை, துரைமார்கள் பூட்ஸ் பித்தானை இழுத்து மாட்ட என்பேன் நான். அவர் ஊட்டிக் குதிரைப் பந்தயத்தை சாட்சிக்கு இழுப்பார். நான் பங்களாவில் பார்த்த பூட்ஸை இழுப்பேன். ரொட்டி வாங்க வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொள்வார்கள். புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கலாம்தான். இருவருமே பார்க்கவில்லை.

இன்னொரு வேற்றுமையும் இருந்தது. நான் சேர்த்த கத்தியால் எதையும் வெட்டமாட்டேன். துடைத்து, எண்ணெய் போட்டு, அலமாரியில் வைப்பேன். பாய் எல்லாவற்றையும் உபயோகிப்பார். சணலை ஒன்றால், கேக்கை ஒன்றால், காய்ந்த மாவை இன்னொன்றால். எனக்குப் பார்க்கப் பார்க்க வயிறு எரியும். அதிலும் அந்தச் சிப்பிக் கத்தியை அவர் பாடுபடுத்துவதைப் பார்த்தால் பொறுக்கவே பொறுக்காது.

சிப்பிக் கத்தி என்று நாங்கள் சொன்னது, பெண்கள் பழம் நறுக்குவதற்கென்றே செய்த ஒரு சின்னக் கத்தி. அலகு வெள்ளி, பிடி முத்துச்சிப்பி. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் ரோஜா, பச்சை, நீலம் என்று நிறம் மாறும். ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து ரோடு அடைபட்டபோது, தனியாக இருந்த ஒரு துரைசாணிக்கு பாய் தினமும் சரிவில் ஏறிப்போய் ரொட்டி கொடுத்திருக்கிறார். அந்த அம்மாள் ஊரைவிட்டுப் போகும்போது அதை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாள்.

"அவங்களுக்கு நம்ம வழக்கம் தெரியாதுங்களே. கையிலயே வெச்சுட்டாங்க" என்பார் பாய். "நானும் மரியாதைக்கு ஒன்னுஞ் சொல்லாம வாங்கிக்கிட்டேன். திரும்ப வந்து பாக்கறேன்னு சொல்லிட்டுத்தானுங்க கப்பலேறுனாங்க. வரவே இல்ல. பாத்தீங்ளா?"

அவர் இதை வேடிக்கையாகச் சொன்னதாக நான் ஒருநாளும் நினைக்கவில்லை. அவர் நிஜமாகவே நம்பினார்.

அந்தக் கத்தியை எனக்குத் தரும்படி நான் கேட்காமல் இல்லை. என்னிடமிருந்த நல்ல கத்திகளில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பெண்களுக்கான கத்தி, பெண்ணிடம் இருப்பதுதானே முறை என்று சட்டம் பேசினேன். "உங்ககிட்ட வந்தா அலமாரிக்குள்ள போயிருமுங்க. எங்கிட்ட இருந்தாப் பழமாவது திங்கும்" என்று சொல்லிவிட்டார். பர்லியாரில் மங்குஸ்தான் பழுக்கும் காலம் வந்தால் ஒரு கூடை வாங்கி வைத்துக்கொண்டு, கடையில் நிற்கிறவர்களுக்கெல்லாம் அந்தச் சிப்பிக் கத்தியால் தோலைச் சுற்றிக் கீறித் திருகித் திறந்து கொடுப்பார். எனக்கும் கொடுப்பார். அந்தக் கத்தி படும் பாட்டை நினைத்துக்கொண்டே தின்பேன். பழம் என்னவோ ருசியாகத்தான் இருக்கும்.

இப்படியே வருடங்கள் ஓடின. பாயின் மகன் என் வகுப்பில் படித்து, வளர்ந்து, கல்யாணம் செய்து, கடையை அவனே பார்த்துக்கொள்ளும் அளவுக்கு ஆனான். பாய் கல்லாவை மகனுக்கு விட்டுவிட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். அவருக்குச் சர்க்கரை இருந்தது. ரொட்டிக் கடைக்காரருக்குச் சர்க்கரை வந்ததைச் சொல்லிச் சொல்லி ஊரே சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஒருநாள் பெட்டியின் மேல் புதிதாக ஒரு தகரத் தட்டு வந்திருந்தது. வர்க்கி அடுக்கும் தட்டு. நான் ஒரு கத்தியைக் காட்ட எடுத்தபோது, "தட்டுல வைங்க டீச்சர்" என்றார். வைத்தேன். டங் என்று சத்தம் கேட்டதும் அவர் கை நேராக வந்து எடுத்தது. அதிலிருந்து எப்போது போனாலும் தட்டுதான். வயதாக ஆகப் பெரிய மனுஷத்தனம் வந்துவிட்டது, நாம் தட்டில் வைத்து நீட்ட வேண்டியிருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன்.

இத்தலாரில் ஒரு உருளைக்கிழங்குத் தோட்டக்காரரிடம் எனக்கு ஒரு ஆமையோட்டுப் பிடிக் கத்தி கிடைத்தது. ஆமையோடு பட்டென்று விண்டுபோகும். என் அதிர்ஷ்டத்தை அவருக்குக் காட்டிக் கொஞ்சம் வயிற்றெரிச்சலைக் கிளப்பலாம் என்று கொண்டுபோனேன். தகரத்தில் பட்டு விரிசல் விட்டுவிடக் கூடாதே என்று கைக்குட்டையை மடித்துத் தட்டில் போட்டு, அதன்மேல் பூப்போல வைத்தேன்.

பாய் சிரித்த முகத்தோடு என் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வைங்க டீச்சர்."

"வெச்சுட்டேனுங்களே."

அவர் கை இறங்கியது. தட்டின் விளிம்பைத் தொட்டது. பக்கத்திலிருந்த வர்க்கிப் பொட்டலத்தைத் தொட்டது. கண்ணாடியைத் தடவிக்கொண்டு அந்தக் கடைசிவரை போனது. கத்தி அவர் கண்ணுக்கு நேரே, வெள்ளைக் கைக்குட்டையில், நல்ல பகல் வெளிச்சத்தில் இருந்தது. அப்போதுதான் நான் அவர் கண்களைப் பார்த்தேன். அவை என்னைப் பார்க்கவில்லை. என் காதுக்குக் கொஞ்சம் தள்ளி, சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன.

நான் கைக்குட்டையை உருவிவிட்டு, கத்தியை எடுத்து மறுபடி தட்டில் போட்டேன். டங். கை நேராக வந்தது. எடுத்துத் தடவிப் பார்த்து, "ஆமையோடுங்களா, ஜோரா இருக்குது" என்றார். பிறகு மெதுவாக, "கண்ணாடி மாத்தோணுமுங்க டீச்சர். பவர் பத்தறதில்ல" என்றார். ஆமாங்க, மாத்துங்க என்றேன். கண்ணாடியால் தீரும் காரியமில்லை என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. வீட்டுக்கு நடந்துபோகும்போது எனக்கு அழுகை வந்தது. அழுதேன். ஆமையோட்டில் விரிசல் விழுந்திருக்கிறதா என்று நான் பார்க்கக்கூட இல்லை.

சில மாதம் கழித்து, பிறந்தநாள் கேக் பெட்டி ஒன்றுக்குச் சணல் கட்டி அறுக்கும்போது, அலகு அவர் விரலிலேயே மடங்கிவிட்டது. சர்க்கரை உடம்பு. புண் ஆறவில்லை. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் வலது ஆள்காட்டி விரலின் நுனியை எடுக்கும்படி ஆயிற்று. கண் முக்கால்வாசி போய்விட்டது என்பதும் அங்கேதான் வீட்டாருக்குத் தெரிந்தது.

அவர் வீடு திரும்பிய பிறகு மகன் என்னைத் தேடி வந்தான். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், இன்னும் என் எதிரில் வகுப்பில் நிற்கிற மாதிரிதான் நிற்பான்.

"டீச்சர், அத்தாவோட கத்தி அத்தனையும் பெட்டில போட்டு வெச்சிருக்கறனுங்க. நீங்களே எடுத்துக்கங்க. இன்னொரு காயம் பட்டா கைய எடுக்கோணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. வெளிய குடுத்தா எடைக்குப் போட்டுருவானுங்க. உங்ககிட்ட இருந்தா, இருக்குதுன்னு அவருக்கு ஒரு நெனப்பாவது இருக்குமுங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாந்தானுங்க. அந்தச் சிப்பிக் கத்தியுந்தான்."

அவன் போனதும் அலமாரியில் நடுத் தட்டை ஒழித்து, பழைய வெல்வெட் துணி ஒன்றைத் தேடி விரித்தேன். வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். எப்போதும் ஏதாவது சொல்கிறவர் அன்று ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. துணியை மறுபடி மடித்து வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று பஜாரில் பழம் பார்த்தேன். பர்லியார் மங்குஸ்தான் வந்திருந்தது. கொஞ்சம் வாங்கிக்கொண்டேன்.

பாய் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கையில் கட்டு. புருவத்தில் மைதா இல்லாத பாயை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். வயதான யாரோ ஒருவர் மாதிரி இருந்தார். எதிரே ஸ்டூலில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் கத்திகள்.

"எடுத்துட்டுப் போங்க டீச்சர். நல்ல எடத்துக்குத்தானுங்களே போகுது" என்றார், பெண்ணைக் கட்டிக் கொடுக்கிறவர் மாதிரி. "ஒரு தடவ எல்லாத்தையும் தெறந்து காட்டுங்க. காதுல கேட்டுக்கறேன்."

ஒவ்வொன்றாக எடுத்துத் திறந்தேன். டக். "இது கோத்தகிரில வாங்குனதுங்க" என்றார். அது கோத்தகிரி இல்லை, ஊட்டி மார்க்கெட்டில் என் கையிலிருந்து பறித்தது. கண் நன்றாக இருந்தபோதும் அவர் தப்பாகத்தான் சொல்வார். சொன்னேன். "இல்லவே இல்லீங்க" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்தது கொக்கி வைத்தது. திறந்த சத்தத்திலேயே கண்டுகொண்டு, "குதிரைக் கத்தி" என்றார். "பூட்ஸ் கத்தி" என்றேன். "பூட்ஸு போடற துரை, கொக்கிய முதுகுல வெச்சுட்டுக் கத்திய எதுக்குங்க சொமக்கறான்?" என்றார். இருவரும் குரலை உயர்த்திச் சண்டை போட்டோம். மருமகள் டீ கொண்டுவந்தவள் வாசலிலேயே நின்று பார்த்தாள். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து இத்தனை பேசவில்லை என்று அவள் பிறகு சொன்னாள்.

கடைசியாக ஒன்றைத் திறந்தேன். சத்தமே வரவில்லை. வெள்ளி அலகுக்கு டக் கிடையாது, அது மெத்தென்று விரியும். பாய் கொஞ்சநேரம் காத்திருந்தார்.

"சிப்பிக் கத்திங்களா?"

"ஆமாங்க."

"ஒருநாளைக்கு உங்களுக்குத்தான்னு நெனச்சிருந்தனுங்க. உங்களக் கொஞ்சம் கெஞ்ச உடலாமுன்னுதான் இத்தன நாளாக் குடுக்கல."

அவர் சிரிக்க முயன்றார், வரவில்லை. நான் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ரோஜா, பச்சை, நீலம். ஆசை துளியும் குறையவில்லை. ஆனால் அது என் அலமாரியில் வந்து உட்கார்ந்துவிட்டால் அப்புறம் நான் யாரிடம் போய்க் கெஞ்சுவது, யாரைத் திட்டுவது?

மகனைக் கூப்பிட்டேன். அவன் கண்முன்னே வெள்ளி அலகை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தி இழுத்தேன். அவன் பதறினான். ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது, உடனே மறைந்தது. ரத்தம் இல்லை.

"பாத்துக்க. இது பழத்துக்குன்னே செஞ்சது. இதால வெண்ணெயக்கூட யோசிச்சுத்தான் அறுக்கோணும். மத்ததெல்லாம் நான் கொண்டுபோறேன். இது இங்கயே இருக்கட்டும்."

நான் ஸ்டூலில் வைக்க, அவன் எடுத்துத் தன் கட்டைவிரலில் வைத்துப் பார்த்தான். திருப்பி வைத்துப் பார்த்தான். அவனுக்கு இன்னும் பயம். பயப்படுவதில் நியாயமும் இருந்தது. மருமகள்தான், "இருந்துட்டுப் போவட்டுமுங்க. ஒன்னுமே வேண்டாமுன்னா மாமா எப்பிடி இருப்பாங்க?" என்றாள். அவன் தலையாட்டிக் கத்தியை ஸ்டூலில் வைத்தான்.

பாயின் இடது கை அதைத் தேடி வந்தது. ஸ்டூலின் விளிம்பு. பிஸ்கட் டின். டீ டம்ளர் ஆடியது. கடையில் கண்ணாடியின் மேல் நான் பார்த்த அதே தடவல். இன்னொரு தடவை அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. கத்தியை எடுத்தேன். அந்தக் கையைப் பிடித்து நிறுத்தி, பிடி அவர் பக்கம் இருக்கும்படி உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினேன்.

அவர் மூடிய கையை அப்படியே தூக்கிப் பிடித்தார்.

"டீச்சர். கையில குடுத்துட்டீங்களே."

"குடுத்துட்டேனுங்க."

"துரைசாணியும் இப்பிடித்தானுங்க குடுத்தாங்க. இதே கத்தி."

"அவங்க கப்பலேறிப் போனாங்க. எனக்குப் பர்லியாரு தாண்டுனாலே வாந்தி வருமுங்க பாய். நான் எங்க போறது?"

அவர் முகம் கோணியது. கத்தி இருந்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகன் சட்டென்று ஓரடி முன்னால் வந்து, வெள்ளி என்பது நினைவுக்கு வந்து நின்றான். நான் பையிலிருந்து ஒரு மங்குஸ்தானை எடுத்துக் கட்டுப்போட்ட கைக்குள் வைத்தேன். முகர்ந்து பார்த்தார். கட்டைவிரலால் காம்பைத் தேடிப் பிடித்து, அலகைத் தோலில் வைத்து மெதுவாகச் சுற்றிக் கீறினார். முன்னைவிட நேரமாயிற்று. ஒருமுறை வழுக்கியது. சிவப்பாக எதுவோ அவர் விரலில் வழிந்ததும் மருமகள் "அய்யோ மாமா" என்று ஓடிவந்து கையைப் பிடித்தாள். தோலின் சாறுதான். அவள் முந்தானையால் துடைத்துவிட்டு, வெட்கத்தோடு சிரித்தாள். அவர் திருகித் திறந்தார். உள்ளே சுளைகள் வெள்ளைவெளேர் என்று கெடாமல் இருந்தன. முதலில் என் பக்கம்தான் நீட்டினார், கொஞ்சம் தள்ளி, சுவரைப் பார்த்து. நான் நகர்ந்துபோய் வாங்கிக்கொண்டேன்.

பிஸ்கட் டின் என் வீட்டுக்கு வந்தது. "பேக்கரியவே தூக்கிட்டு வந்துட்டியா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அலமாரியில் பாயின் கத்திகளை என்னுடையவற்றோடு கலக்கவில்லை. கீழ்த்தட்டு பாயுடையது. எண்ணெய் மட்டும் நான் போடுவேன். மகனிடம் ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். வாரம் ஒரு கத்தியைக் கடைக்குக் கொண்டுபோவேன். நான் பக்கத்தில் இருக்கும்வரை அவர் வைத்துப் பார்க்கலாம். திறக்கிறதும் மடக்குகிறதும் நான்.

புண் ஆறி அவர் கடைக்கு வந்து உட்கார்ந்த முதல் வாரம் எதைக் கொண்டுபோவது என்று யோசித்தேன். அவருடையதை விட்டுவிட்டு, என்னுடைய மான்கொம்புக் கத்தியை எடுத்துக்கொண்டேன், அந்தத் தையல் மேசைக் கத்தி. கடையில் கூட்டம் இல்லை. பாய் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஸ்டூலில் இருந்தார். புருவத்தில் மைதா வந்திருந்தது. தகரத் தட்டும் பழைய இடத்திலேயே இருந்தது.

"ஏனுங்க பாய்" என்றேன்.

"வாங்க டீச்சர். இன்னிக்கு எது?"

அன்று கொடுத்தது வெள்ளி, அதுவும் ஓர் அவசரத்தில். இது சீமையில் செய்த நல்ல ஷெபீல்டு இரும்பு. அவர் நம்பிக்கை அவருக்கு. நான் கத்தியை மடக்கியபடியே, தட்டில் டங் என்று கேட்கிற மாதிரி போடப் போனேன்.

"இரும்புதானுங்களே?" என்று கேட்டார்.

"ஆமாங்க. இரும்புதான்."

அவர் தட்டைத் தடவிப் பிடித்து ஒரு பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, கையை நீட்டினார்.